டாட்ஜர்ஸ் அட்டையில் இருப்பது யார் கையெழுத்து?

ப்ரூக்ளின் டாட்ஜர்ஸ் அணி பேஸ்பால் உலகத் தொடரை வென்றது ஒரே ஒரு முறை: 1955இல், நியூயார்க் யாங்கீஸை ஏழாவது ஆட்டத்தில் வீழ்த்தி. 1957 சீசன் முடிந்ததும் அணி லாஸ் ஏஞ்சலஸுக்கு மூட்டை கட்டிவிட்டது. அந்தக் கோபமும் பாசமும் தலைமுறை தாண்டியும் ஆறவில்லை. வீரர்களின் படத்தோடு டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட 1955, 56ஆம் ஆண்டு அட்டைகளை ஒவ்வொரு டாட்ஜர்ஸ் வீரரின் கையெழுத்தோடும் சேர்த்துவிட வேண்டும் என்று அமெரிக்காவில் பலர் ஆண்டுக்கணக்காக அலைகிறார்கள். ஆசை கண்ணை மறைக்கும் இடம் இது. சில நம்பிக்கைகள் பர்ஸையும் காலி செய்துவிடும்.

நம்பிக்கை: அட்டையின் முகப்பில் கையெழுத்து இருந்தால் வீரர் போட்டதுதான்.

அந்த இரண்டு ஆண்டு அட்டைகளில் கையெழுத்து அச்சிலேயே உண்டு. ரூபாய் நோட்டில் ரிசர்வ் வங்கி ஆளுநரின் கையெழுத்து இருப்பது போலத்தான். டாப்ஸ் 1952லேயே இதைத் தொடங்கிவிட்டது. 1959, 1967, 1971, 1975 அட்டைகளிலும் பார்க்கலாம். விற்பவர் ஏமாற்றுக்காரராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. தாத்தாவின் ஷூ பெட்டியைத் திறந்து பார்த்து, விவரம் தெரியாமல் பூரித்துப்போன பேரனாக இருக்கலாம்.

சோதிப்பது எளிது. அதே அட்டையின் இன்னொரு பிரதியைப் பக்கத்தில் வையுங்கள்; அச்சுக் கையெழுத்து இரண்டிலும் இம்மி பிசகாமல் ஒரே இடத்தில் இருக்கும். அட்டையை விளக்கடியில் சாய்த்துப் பிடித்தால், பேனா மை தனியாக மினுங்கும். பால்பாயின்ட் என்றால் அட்டையில் மெல்லிய பள்ளமும் தெரியும். உண்மையிலேயே கையெழுத்து வாங்கிய 56ஆம் ஆண்டு அட்டையில் ஒரே பெயர் இரண்டு முறை இருக்கும், அச்சில் ஒன்று, மையில் ஒன்று. ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடப்பதும் உண்டு.

நம்பிக்கை: ஒருவருடைய கையெழுத்து கடைசிவரை ஒன்றுதான்.

ராய் கேம்பனெல்லாவை எடுத்துக்கொள்வோம். டாட்ஜர்ஸின் கேட்சர், மூன்று முறை லீகின் மிக மதிப்புமிக்க வீரர் விருது பெற்றவர். 1958 ஜனவரி 28 அதிகாலையில், பனி உறைந்த சாலையில் அவருடைய கார் சறுக்கிக் கம்பத்தில் மோதியது. கழுத்து எலும்பு முறிந்து, மீதி வாழ்நாள் முழுக்க சக்கர நாற்காலி. லாஸ் ஏஞ்சலஸ் அணிக்காக அவர் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. 1959இல் டாப்ஸ் அவரைச் சக்கர நாற்காலியில் அமர்ந்த நிலையில், 'துணிவின் சின்னம்' என்ற தலைப்போடு ஓர் அட்டையாக வெளியிட்டது. அதன் எண் 550.

விபத்துக்கு முந்தைய கையெழுத்து சரளமாக ஓடும். பிந்தையது கையில் மாட்டிய கருவியின் உதவியோடு போட்டது. கோடுகள் நடுங்கும், எழுத்துகள் உடையும். ஆகவே அந்த 550ஆம் எண் அட்டையில் வளைவும் சுழிப்புமாக அழகான கேம்பனெல்லா கையெழுத்தை யாராவது நீட்டினால், விலையைக் கேட்பதற்கு முன்பே நகர்ந்துவிடலாம். அந்த அட்டை அச்சானபோது அப்படிப் போடும் கை அவரிடம் இல்லை.

இதே கணக்கை மற்ற டாட்ஜர்ஸ் வீரர்களுக்கும் போட்டுப் பார்க்க வேண்டும். கில் ஹாட்ஜஸ் 1972 ஏப்ரலில் 47 வயதில் இறந்தார். ஜாக்கி ராபின்சன் அதே ஆண்டு அக்டோபரில். பழைய அட்டைக்குப் பெரிய சந்தை உருவானது 1980களில். அதற்கு முன் இந்த இருவரிடமும் அட்டையில் கையெழுத்து வாங்கியவர்களில் பெரும்பாலோர் சிறுவர்கள். மைதான வாசலில் நின்றோ, தபாலில் அனுப்பியோ வாங்கினார்கள். ஷார்ப்பி மார்க்கர் சந்தைக்கு வந்ததே 1964இல். டாட்ஜர்ஸின் ப்ரூக்ளின் மைதானமான எபெட்ஸ் ஃபீல்டில் 1955இல் வாங்கியது என்று கதை சொல்லி, தடித்த ஷார்ப்பி எழுத்தைக் காட்டினால் கதை அங்கேயே முடிந்தது.

நம்பிக்கை: சான்றிதழ் இருக்கிறது, பயமில்லை.

கையெழுத்தையே போலியாகப் போடத் தெரிந்தவருக்குச் சான்றிதழ் அச்சடிப்பது பெரிய வேலையா? 1990களின் கடைசியில் எஃப்பிஐ 'ஆபரேஷன் புல்பென்' என்ற பெயரில் கலிபோர்னியாவை மையமாகக் கொண்ட ஒரு போலிக் கும்பலைப் பிடித்தது. சான் டியேகோ பேட்ரஸ் வீரர் டோனி க்வின், தன் அணியின் கடையிலேயே தன்னுடைய போலிக் கையெழுத்து விற்பனைக்கு இருந்ததைக் கண்டு சொன்னதும் அந்த விசாரணைக்கு உதவியது. பறிமுதலான பொருள்களில் அன்னை தெரசா பெயரில் கையெழுத்திட்ட பேஸ்பால்கூட இருந்தது! சிரிப்பு வருகிறது, ஆனால் அந்தக் கும்பலின் சரக்கோடும் சான்றிதழ் வந்தது.

அதற்குப் பிறகு, 2001இல், மேஜர் லீக் பேஸ்பால் தனக்கென ஒரு முறையைக் கொண்டுவந்தது. வீரர் கையெழுத்துப் போடுவதை ஒருவர் நேரில் பார்த்த பிறகே எண்ணிட்ட ஹாலோகிராம் ஒட்டுவார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் 1972இல் மறைந்தவர்களுக்கு அதனால் என்ன பயன்? அவர்களுக்கு பிஎஸ்ஏ, ஜேஎஸ்ஏ, பெக்கெட் போன்ற நிறுவனங்களைத்தான் நாட வேண்டும். தெரிந்த உண்மைக் கையெழுத்துகளோடு ஒப்பிட்டு அவர்கள் தருவது நிபுணர் கருத்து. மதிக்கத்தக்க கருத்துதான், கண்ணால் கண்ட சாட்சியம் ஆகாது. பெயர் தெரியாத கடை தானே அடித்துத் தரும் தாளுக்கு இந்த மதிப்பும் கிடையாது.

நம்பிக்கை: கையெழுத்து விழுந்தால் விலை ஏறும். (இதற்கு நேர் எதிராக: கிறுக்கினால் அட்டை பாழ்.)

இரண்டையும் ஒரே கடையில் கேட்கலாம். 2022இல் 1.26 கோடி டாலருக்குப் போன 1952ஆம் ஆண்டு யாங்கீஸ் வீரர் மிக்கி மேன்டில் அட்டையில் பேனா படவே இல்லை. அதன் பெருமை அப்பழுக்கில்லாத நிலைதான். அப்படிப்பட்ட அட்டையில் மை விழுந்தால் அட்டையின் தரத்தையே நம்பி வாங்குகிறவர் விலகிவிடுவார். முனை மழுங்கி, நடுவில் மடிந்த ராபின்சன் அட்டையோ உண்மையான கையெழுத்து இருந்தால் வேறு உயரத்துக்குப் போய்விடும். இதனால்தான் தரம் பார்க்கும் நிறுவனங்கள் அட்டைக்கு ஒரு மதிப்பெண், கையெழுத்துக்கு ஒரு மதிப்பெண் என்று தனித்தனியாகவும் போடுகின்றன.

நம்பிக்கை: அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் அன்புக்காகப் போட்டார்கள், இந்தக் காலத்தவர் காசுக்கு.

டாட்ஜர்ஸின் டியூக் ஸ்னைடர் அட்டைக் கண்காட்சிகளில் கையெழுத்துப் போட்டுச் சம்பாதித்த பணத்தை வருமான வரிக் கணக்கில் காட்டவில்லை. 1995இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நீதிமன்றம் இருந்த ஊர் எது தெரியுமா? ப்ரூக்ளின். அதே அணியின் கார்ல் எர்ஸ்கினோ ரசிகர்களின் தபாலுக்குச் சளைக்காமல் கையெழுத்திட்டு அனுப்பியவர். 2024இல் 97 வயதில் மறைந்தார். காலத்தை வைத்து ஆளை எடை போட முடியாது. ஆனால் வாங்குகிறவருக்கு இதில் ஒரு லாபம் உண்டு: எர்ஸ்கின் நிறையப் போட்டதால் அவருடைய கையெழுத்து எளிதில் கிடைக்கும், முழு அணியைச் சேர்க்கத் தொடங்குகிறவர் அவரிடமிருந்தே தொடங்கலாம்.

நம்பிக்கை: சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினால் பத்திரம்.

வெயில் படும் சுவர் என்றால் சில ஆண்டுகளில் நீல மை சாம்பல் நிறமாகும். மெல்லிய உறை, அதன் மேல் கெட்டியான பிளாஸ்டிக் கூடு, பிறகு இருட்டான அலமாரி. விருந்தாளிக்குக் காட்ட வேண்டுமானால் வெளியே எடுத்துக் காட்டுங்கள்.