கமடோர் 64 கீபோர்டைப் பழுதுபார்க்கும்போது

1982-இல் வெளிவந்த கமடோர் 64 கணினியின் கீபோர்டில், ஒவ்வொரு விசையின் அடியிலும் கார்பன் கலந்த ஒரு சிறு ரப்பர் முனை இருக்கும். விசையை அழுத்தினால் அது சர்க்யூட் போர்டின் தடங்களைத் தொட்டு இணைக்கும். டிவி ரிமோட்டுக்குள் இருப்பதும் இதே ஏற்பாடுதான். நாளடைவில் இந்த முனைமேல் அழுக்குப் படலம் படியும். அதிகம் புழங்கிய விசைகளில் கார்பனே தேயும். இரண்டில் எது என்று தெரியாமல் கைவைப்பதால்தான் நல்ல கீபோர்டுகள் பாழாகின்றன.

செய்ய வேண்டியவை

• முதலில் ஜாய்ஸ்டிக்கைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். முதலாம் ஜாய்ஸ்டிக் போர்ட்டும் கீபோர்டும் ஒரே இணைப்புகளைப் பகிர்ந்துகொள்கின்றன. பழுதான ஜாய்ஸ்டிக் ஒன்று போதும், திரையில் தானாக எழுத்து விழ.

• வேலை செய்யாத விசைகளைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். 64 விசைகள் எட்டுக்கு எட்டு என்ற கட்டத்தில் இணைக்கப்பட்டுள்ளன. அதில் ஒரே வரிசையின் எட்டும் சேர்ந்து செத்திருந்தால் ரப்பரைக் குறை சொல்லாதீர்கள். கோளாறு கேபிளிலோ, பிளக்கிலோ, கீபோர்டைப் படிக்கும் 6526 சிப்பிலோ இருக்கும். அங்கொன்றும் இங்கொன்றுமாக மக்கர் செய்தால்தான் கீபோர்டைத் திறக்க வேண்டும்.

• மின்சாரத்தைத் துண்டித்த பிறகே கீபோர்டு பிளக்கை உருவுங்கள். அந்த 6526 சிப் நிலைமின்சாரம் தாங்காது.

• ஷிப்ட் லாக் விசையிலிருந்து போர்டுக்கு வரும் இரண்டு ஒயர்களின் ஈயப்பற்றை எடுத்துவிட்டுத்தான் போர்டைத் தூக்க வேண்டும். எது எங்கே இருந்தது என்று முன்னதாகப் படம் எடுத்துவையுங்கள்.

• போர்டை எடுத்ததும் ரப்பர் முனைகள் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். சுத்தம் செய்ய மட்டும்தான் என்றால் மேலே உள்ள விசைமூடிகளைப் பிடுங்கத் தேவையில்லை. பஞ்சுக்குச்சியை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்துத் துடையுங்கள். பஞ்சு கருத்தால் அழுக்கு வருகிறது என்று தொடர்ந்து தேய்க்கத் தோன்றும். அங்கேயே நிறுத்துங்கள், வருவது கார்பனாகவும் இருக்கலாம்.

• துடைத்தும் பலனில்லையென்றால் மல்டிமீட்டரை எடுங்கள். அதே கீபோர்டில் பவுண்டு குறி விசை அநேகமாகப் புதிதுபோலவே இருக்கும். அதை யார் அழுத்தியிருப்பார்கள்? அதன் முனையின் மின்தடையையும் கோளாறான முனையின் மின்தடையையும் ஒப்பிடுங்கள். பல மடங்கு வித்தியாசம் இருந்தால் அது தேய்மானம். அப்போது அந்த இரண்டு முனைகளையும் இடம் மாற்றிவிடலாம். எனக்குத் தெரிந்த வழிகளில் இதுவே சிறந்தது: அசல் பொருள், அசல் அழுத்தம், வெளியிலிருந்து எதுவும் சேர்வதில்லை.

• மாற்ற முனை இல்லாதபோது, ரிமோட் பழுதுக்கென்று விற்கும் கார்பன் பூச்சை மெல்லிய ஒரே கோட்டாகப் பூசி, முழுதாகக் காய்ந்த பிறகு பொருத்துங்கள்.

செய்யக்கூடாதவை

• உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். ரப்பரில் மட்டுமல்ல, போர்டின் தடங்களிலும். அங்குள்ள பூச்சு மிக மெல்லியது, போனால் போனதுதான்.

• பென்சில் கரியைத் தடவாதீர்கள். இரண்டு நாள் வேலை செய்யும். பிறகு துகள் உதிர்ந்து பக்கத்துத் தடத்தில் விழும்.

• அசிட்டோன் விசைமூடிகளின் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். எண்ணெய் கலந்த கான்டாக்ட் ஸ்பிரேயும் வேண்டாம்; எண்ணெய்ப் படலம் தூசியைப் பிடித்துவைக்கும்.

• அலுமினியத் தாளை வெட்டி ஒட்டுவதும் நிலைக்காது.

• ரிஸ்டோர் விசையை மெதுவாக அழுத்தி, வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டாதீர்கள். அது மற்ற விசைகளின் கட்டத்தில் சேராதது. பல கமடோர்களில் சுரீரென்று தட்டினால்தான் கேட்கும், பிறவியிலேயே அப்படித்தான்.

• ஸ்பேஸ் பாரை நெம்பி எடுக்காதீர்கள். அடியில் அதைத் தாங்கும் கம்பி உண்டு. அதன் கொக்கி உடைந்தால் அதே அச்சில் இன்னொன்று கிடைப்பது கடினம்.

• திரும்பப் பூட்டும்போது ஸ்குருக்களை நேரே முறுக்காதீர்கள். அவை இறங்குவது பழைய பிளாஸ்டிக்கில். முதலில் எதிர்ப்பக்கமாக மெல்லச் சுழற்றுங்கள். பழைய மரையில் விழும்போது கைக்குத் தெரியும். அதன் பிறகு, போர்டு அசையாத அளவுக்கு முறுக்கினால் போதும்.