வீட்டுத் தொட்டிக்கு அலை: ஒரு வாளி, ஒரு வளைந்த பைப்

முருகைக்கல் பாறைகளில் தண்ணீர் ஒரே திசையில் ஓடுவதில்லை. வந்து மோதும், இழுத்துக்கொண்டு திரும்பும். அந்த இழுபறியில்தான் பாறை உயிர்களின் மேல் படியும் கழிவு கழன்றுபோகிறது, இரையும் ஒட்சிசனும் கிட்ட வருகின்றன. கடையில் வாங்கும் பம்பியோ நாள் முழுக்க ஒரே பக்கம் பீச்சும். அதன் முன்னால் மணல் குழிவிழும், மறுமூலையில் அழுக்குச் சேரும்.

ஹவாயின் வைக்கீக்கி மீன்காட்சியகத்தில் பணியாற்றிய புரூஸ் கார்ல்சன் இதற்கு ஓர் எளிய வழி செய்தார். தொட்டிக்கு மேலே ஒரு வாளி. அதைச் சிறு பம்பி மெல்ல நிரப்பும். நிரம்பியதும் சைபன் பிடித்து முழுத் தண்ணீரும் ஒரே மூச்சில் கீழே இறங்கும். பீப்பாய்த் தண்ணீரை ஹோஸால் வாய்வைத்து உறிஞ்சி எடுத்துப் பழகிய தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இங்கே வாயின் வேலையை ஏறிவரும் நீர்மட்டம் செய்கிறது.

பதுளை ஹார்ட்வெயார் கடையில் எல்லாம் கிடைக்கும்: 20 லீற்றர் பிளாஸ்டிக் வாளி, 32 மி.மீ. பிவிசி பைப், மூன்று எல்போ, டேங்க் கனெக்டர், ஒரு வால்வு. வழிந்தோட 40 மி.மீ. பைப் தனியாக. பம்பியை மட்டும் மீன் கடையில் வாங்குங்கள். அட்டையில் எழுதியிருப்பது தண்ணீரை உயரத்துக்கு ஏற்றாதபோது கிடைக்கும் அளவு. ஒரு மீற்றர் ஏற்றினால் நன்றாகக் குறைந்துவிடும். மணிக்கு 2000 லீற்றர் என்று போட்டதை வாங்கி, வால்வால் 1200க்கு இறக்கிக்கொள்வது நல்லது.

வாளியின் அடியில் ஒரு துளையிட்டுக் கனெக்டரைப் பூட்டுங்கள். வாளிக்குள் பைப்பைத் தலைகீழ் ‘ப’ போல இரண்டு எல்போவால் வளைக்க வேண்டும். ஒரு கால் கனெக்டருக்குள் இறங்கும்; மற்றது வாளித் தரைக்கு 3 செ.மீ. மேலே திறந்த வாயோடு நிற்கும். வளைவின் உள்ளடி தரையிலிருந்து 24 செ.மீ. இருந்தால், ஒவ்வொரு தடவையும் சுமார் 12 லீற்றர் கொட்டும். வளைவின் உள்ளடிக்கு 5 செ.மீ. மேலே வாளிச் சுவரில் 40 மி.மீ. வழிவுக் குழாய் வைத்து அதையும் தொட்டிக்கே இறக்குங்கள். சைபன் வாயில் நத்தை அடைத்துக்கொண்டால் வீட்டுத் தரை தப்புவது இதனால்தான். இதை விட்டுவிட்டு யாரும் கருவியை ஓட்ட வேண்டாம்.

வாளி தொட்டியின் நீர்மட்டத்துக்கு அரை மீற்றர் மேலே நிற்கட்டும். பழைய லயத்துச் சுவரில் ஆணியடித்துத் தட்டு மாட்டாதீர்கள். நிரம்பிய வாளி 20 கிலோவை நெருங்கும். தரையில் ஊன்றிய மரச் சட்டம்தான் சரி. இரும்பைத் தொட்டியின் உப்புத் தெறிப்பு தின்றுவிடும். கீழே இறங்கும் பைப்பின் முனையில் மூன்றாவது எல்போவைப் போட்டு, வாய் இரண்டு விரற்கடை மட்டும் நீரில் முங்கும்படி வையுங்கள். ஆழமாக முங்கினால் குழாயில் அடைபட்ட காற்று வெளியேறத் திணறும்.

இனித்தான் உண்மையான வேலை. முற்றத்தில், வெறும் தண்ணீரில், பசை பூசாமல் ஓட்டிப் பாருங்கள். வளைவுக்கு மேலால் தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்து சைபன் பிடிக்காவிட்டால் பம்பி வேகம் போதாது, வால்வைத் திறவுங்கள். பிடித்த சைபன் அறுபடாமல் ஓடிக்கொண்டே இருந்தால் வரத்து அதிகம், மூடுங்கள். இரண்டுக்கும் இடையில் ஓர் இடம் அகப்படும்: அரை நிமிடத்துக்குச் சற்று மேல் நிரம்பி, 15, 20 விநாடியில் கொட்டி, கொடகொடவென்று காற்றிழுத்து நிற்கும். அந்த இடம் கிடைக்கவே இல்லையென்றால் வால்வோடு மல்லுக்கட்டாமல் பைப்பின் அளவை மாற்றுங்கள். ஒழுகினால் 25 மி.மீ., அறுபடாவிட்டால் 40.

சரிவந்த பின் வளைவின் எல்போக்களுக்கு மட்டும் பசை போடுங்கள், அங்கே காற்றுப் புகுந்தால் சைபன் கெடும். கனெக்டருக்குள் இறங்கும் காலை இறுக்கிச் செருகினால் போதும். கழற்றிக் கழுவ வேண்டுமே.

பம்பி தொட்டியிலிருந்தே இழுக்கலாம். 90 க்கு 45 செ.மீ. தொட்டியில் 12 லீற்றர் என்றால் நீர்மட்டம் 3 செ.மீ. ஏறியிறங்கும். வாளி காலியாக இருக்கும்போது தொட்டியை அதன் விளிம்புக்கு 5 செ.மீ. கீழே வரை நிரப்பிக் கோடு போடுங்கள். மின்சாரம் போனாலும் தண்ணீர் அந்தக் கோட்டைத் தாண்டாது.

அடுத்தது தண்ணீரின் வெப்பம். பதுளை நகரம் ஏறத்தாழ 680 மீற்றர் உயரம். கொழும்பில் தொட்டியைக் குளிர்விக்கச் செலவழிப்பார்கள். நமுனுகுல பக்கத்தில் நமக்கு ஹீட்டர்தான் வேண்டும், 25, 26 பாகைக்கு. தண்ணீரில் மீன் தொட்டிக்கான கடலுப்பைக் கலக்குங்கள், கறியுப்பு உதவாது. பாசிக்குடா போனால் கல்லைப் பிடுங்கி வராதீர்கள், கல்முருகைகளுக்கு நம் நாட்டில் சட்டப் பாதுகாப்பு உண்டு.

அலை தெறிப்பதால் நீர் வேகமாக ஆவியாகும், உப்பு தங்கிவிடும். குறைவதை நன்னீரால் மட்டுமே ஈடுசெய்யுங்கள். தேயிலை மலைக்குக் கீழே வரும் பீலித் தண்ணீரில் உரம் கரைந்திருக்கக்கூடும், அது பாசியை வளர்க்கும்; காய்ச்சி வடித்த நீரே மேல். பிளக் வயர் சுவருக்கு ஏறும் முன் கீழே தொங்கி வளையட்டும், வழியும் சொட்டு பிளக்குக்குப் போகாது. ட்ரிப் சுவிட்ச் இல்லாத வீட்டில் முதலில் அதைப் பூட்டுங்கள். சைபன் வாய்க்கு அகலக் கண்ணுள்ள பிளாஸ்டிக் வலை கட்டி, மாதம் ஒருமுறை வளைவைக் கழற்றி வினாகிரியில் ஊறப்போட்டு, நன்னீரில் அலசிச் செருகுங்கள்.