பெடலை மிதித்தால் சத்தம் ஏன் குறைகிறது?

அன்புள்ள மருமகனுக்கு,

நீ செய்த டிஸ்ரோர்ஷன் பெடலை மிதித்தால் கிற்றார் உறுமுகிறது, ஆனால் சத்தம் இறங்கிவிடுகிறது என்று எழுதியிருந்தாய். வொலியூமை முழுக்கத் திருப்பியும் காணாதாம். சேர்க்கிட்டைக் கழற்றாதே, அதில் பிழை இல்லை. நீ போட்ட டயோட்டின் குணம் அது.

பழைய றேடியோவில் கழற்றிய ஓஏ90 சோடி என்கிறாய். அது ஜேர்மானியம். றேடியோவுக்குள் அதன் வேலை, மெலிந்து வரும் அலையிலிருந்து பேச்சையும் பாட்டையும் பிரித்தெடுப்பது. அதனால்தான் 0.3 வோல்ற் அளவிலேயே கடத்தத் தொடங்கும் சாமானை அங்கே வைத்தார்கள். கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் 1என்4148 சிலிக்கன், அதற்கு 0.6 அளவில் வேண்டும். சிவப்பு எல்ஈடிக்கு 1.7.

இந்த அரை வோல்ற்றுக் கணக்கு எங்கள் தலைமுறைக்குக் கிற்றாரால் வந்ததல்ல. 1990களின் போர்க்காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை, பற்றறிக்கும் தடை. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் சனம் றேடியோவில் செய்தி கேட்டது. டைனமோ தருவது ஆடலோட்டம். நாலு சிலிக்கன் டயோட் வைத்து அதை நேரோட்டமாக்கினால், எந்நேரமும் இரண்டின் வழியே மின் போகும். 6 வோல்ற்றில் 1.2 வோல்ற்றுக்கு மேல் அங்கேயே தொலையும். அன்று அது பெரிய நட்டம். பெடல் செய்பவனோ அந்த நட்டத்தைத்தான் விரும்பித் தேடிப்போகிறான்.

உன் பெடலில் ஒப் அம்ப் கிற்றாரின் அலையைப் பல மடங்கு பெருப்பிக்கிறது. அதன் வெளிவாசலில் இரண்டு டயோட்டுகள் எதிரெதிராக நிலத்தோடு தொடுக்கப்பட்டிருக்கின்றன. வெங்காயப் பாத்தியின் வரம்புக்கு மேல் தண்ணீர் நிற்காததுபோல, 0.3 வோல்ற்றைத் தாண்டிய அலையெல்லாம் நிலத்துக்கு வழிந்துவிடும். உச்சி வெட்டுப்பட்ட அந்த அலைதான் உறுமுகிறது. உன் கிற்றாரில் ஹம்பக்கர் பிக்கப். ஓங்கி அடித்தால் அதுவே அரை வோல்ற்றைத் தாண்டும். பெடல் அதைவிடக் குறைவாகத்தான் வெளியே விடுகிறது. பிறகு வொலியூமைத் திருப்பி என்ன பயன்? அந்தக் குமிழ் குறைக்குமே தவிரக் கூட்டாது.

கடைப் பெடல்களான எம்எக்ஸ்ஆர் டிஸ்ரோர்ஷன் பிளஸ்ஸும் டிஓடி 250உம் ஏறக்குறைய ஒரே சேர்க்கிட். முதலாவதில் ஜேர்மானியம், மற்றதில் சிலிக்கன். அந்த ஒரு மாற்றத்தால் வெளியே வரும் வோல்ற் இரட்டிக்கும், அதாவது 6 டெசிபெல். எல்ஈடி போட்டால் ஜேர்மானியத்தைவிட 15 டெசிபெல் வரை ஏறும். நீல எல்ஈடிக்கு 3 வோல்ற் வேண்டும். 9 வோல்ற் பற்றறியில் ஒப் அம்ப்பே கிட்டத்தட்ட அந்த இடத்தில் மூச்சு முட்டிவிடும், டயோட்டுக்கு வேலை இராது.

இங்கேதான் கனபேர் ஏமாறுகிறார்கள். சத்தம் கூடியதைக் காது நல்லதென்று எடுத்துக்கொள்ளும். எல்ஈடி போட்டுப் பார்த்து “என்ன வடிவான ரோன்” என்பவன் பெரும்பாலும் புகழ்வது அந்த டெசிபெல்லைத்தான். ஒவ்வொரு டயோட்டுக்கும் வொலியூமைச் சரிசெய்து, பெடல் இல்லாத சத்தத்துக்குச் சமமாக்கிய பிறகே எது நல்லதென்று தீர்மானி. அப்படிக் கேட்டால் வித்தியாசம் நீ நினைப்பதைவிடச் சிறியது என்பது என் எண்ணம்.

டயோட் இருக்கும் இடமும் முக்கியம். ரியூப் ஸ்கிறீமர் பெடலில் டயோட்டுகள் நிலத்துக்குப் போவதில்லை, ஒப் அம்ப்பின் பின்னூட்டப் பாதையில் இருக்கின்றன. மூல அலையும் கூடவே வெளியே வருவதால் அடியின் மென்மை வன்மை அதிகம் சாகாது. போஸ் எஸ்டி-1 பெடலில் ஒரு பக்கம் இரண்டு டயோட், மறுபக்கம் ஒன்று; அந்தச் சமமின்மையால் இரட்டைப்படை மேற்சுரங்களும் சேருகின்றன.

நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ பாட்டை இதில் வாசிக்க ஆசை என்றாய். பைலாத் தாளத்தில் முழுக் கோர்ட் அடித்தால் ஒவ்வொரு தந்தியின் சுரமும் மற்றதோடு மோதிப் புதுச் சுரங்களைக் கிளப்பும், சேறாகிவிடும். கெயினைக் குறை, அல்லது இரண்டு தந்தியோடு நிறுத்து.

இனி வேலை. ஒவ்வொரு பக்கமும் இரண்டு ஓஏ90ஐத் தொடராகப் போடு, 0.6 கிடைக்கும். வேறு ஓஏ90 இல்லாவிட்டால் பிக் மஃப்பில் இருப்பதுபோல டயோட்டுகளுக்குப் பின்னால் ஒரு ரான்சிஸ்ரர் வைத்து அலையைத் திரும்ப உயர்த்து. ஜேர்மானியம் சூடு தாங்காது. ஈயம் வைக்கும்போது அதன் காலைக் குறட்டால் பிடித்துக்கொள்.

அன்புடன்,
மாமா