பனிக்காட்டின் குட்டி அரசன்

"கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது" என்பது நம் முன்னோர் வாக்கு. இதற்குச் சான்றாக விளங்கும் ஒரு சிறு பாடும் பறவையைப் பற்றி இக்கட்டுரையில் காண்போம்.

கனடாவிலும் அமெரிக்காவின் வட பகுதிகளிலும் ஸ்புரூஸ், ஃபிர் போன்ற ஊசியிலை மரங்கள் அடர்ந்த காடுகள் உள்ளன. அங்கே வாழும் இப்பறவையை ஆங்கிலத்தில் 'கோல்டன் கிரவுன்ட் கிங்லெட்' என்பர். 'பொன்முடி தரித்த குட்டி அரசன்' என்று பொருள். உச்சந்தலையில் மஞ்சள் பட்டை மின்னும். இதன் எடையோ 5 அல்லது 6 கிராம்தான். ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி சர்க்கரையின் எடை!

குளிர்காலத்தில் இக்கூட்டத்தில் பல தெற்கே சென்றுவிடும். சில அங்கேயே தங்கிவிடும். அப்போது இரவில் வெப்பநிலை சுழியத்திற்குக் கீழே 30 டிகிரி செல்சியஸ் வரை இறங்குவதுண்டு. பறவையின் உடல் வெப்பமோ சுமார் 44 டிகிரி. இவ்வெப்பத்தை அது எவ்வாறு காக்கிறது?

இங்கே நம் கணிதப் பாடம் துணைக்கு வருகிறது. 1 செ.மீ. பக்கமுள்ள 8 கனசதுரங்களைத் தனித்தனியே வைத்தால், அவற்றின் மொத்தப் புறப்பரப்பு 48 சதுர செ.மீ. அவற்றையே ஒன்றாகச் சேர்த்து 2 செ.மீ. பக்கமுள்ள ஒரே கனசதுரமாக்கினால் புறப்பரப்பு 24 சதுர செ.மீ. ஆகக் குறைகிறது. கன அளவு மாறவில்லை. வெளியே தெரியும் பரப்பு மட்டும் பாதியாகிவிட்டது. வெப்பம் உடலின் மேற்பரப்பு வழியாகவே வெளியேறுகிறது. ஆகவே சிறிய உடல் விரைவில் குளிர்ந்துவிடும்.

பெர்ன்ட் ஹைன்ரிக் என்னும் அறிஞர் அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் காடுகளில் இப்பறவையைப் பல குளிர்காலங்களில் ஆராய்ந்தார். கிளைகளில் உறைந்து கிடக்கும் காவடிப்புழுக்களை அது உண்பதைக் கண்டறிந்தார். பகல் முழுவதும் ஓயாமல் இரை தேடினால்தான் நீண்ட இரவைத் தாங்கும் வலிமை கிட்டும். இரவில் நான்கு பறவைகள் ஒரு பைன் மரக்கிளையில் தலைகளை உள்ளே வைத்து, நெருக்கமாக ஒட்டிக்கொண்டு உறங்கியதையும் அவர் கண்டார். கனசதுரங்களைச் சேர்த்து வைத்த அதே கணக்குத்தான் இது! சிலிர்த்த இறகுகளும் கம்பளிபோல் காக்கின்றன.

இருப்பினும் கடுங்குளிரில் பல பறவைகள் மடிகின்றன. இவ்விழப்பை ஈடுசெய்யவே தாய்ப்பறவை ஒரு முறைக்கு 8 அல்லது 9 முட்டைகள் இடுகிறது. கூடு சிறியதாகையால் முட்டைகள் இரண்டு அடுக்காக இருக்கும். முதல் குஞ்சுகளைத் தந்தைப் பறவை ஊட்டி வளர்க்க, தாய் மீண்டும் முட்டையிடத் தொடங்கிவிடும்.

அன்புத் தோழியரே! இக்குட்டி அரசனுக்குக் கோட்டையும் இல்லை, படையும் இல்லை. பகலில் உழைப்பும், இரவில் ஒற்றுமையுமே அதன் அரண்கள். சிறியோர் என்று நாம் சோர்ந்துபோகும் வேளையில், பனிக்கிளையில் ஒட்டி உறங்கும் அந்நான்கு பறவைகளை நினைவில் கொள்வோமாக!