எனக்குச் சிவப்பு, அவருக்குப் பச்சை



இந்த மாதப் பாடம் சாலையைப் பற்றியது. சிவப்பு விளக்குக்கு நிற்கணும், அதில் என்ன பாடம், அதுதான் பாலர் பள்ளியிலேயே முடிஞ்சு போச்சே என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், மூன்று மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வரைக்கும்.

அன்றைக்கு வகுப்பு நடத்த வேண்டியவன் நான். பத்து மணி வகுப்புக்குப் பத்து நிமிடம்தான் இருந்தது. பிரிக்பீல்ட்ஸ் வழியாக மோட்டாரில் வந்துகொண்டிருந்தேன். ஒரு பாதசாரி கடவையில் எனக்குச் சிவப்பு விழுந்தது. அது சந்திகூட இல்லை. நடந்து கடப்பவர்களுக்காக மட்டும் வைத்த விளக்கு. இடது லேனில் ஒரு பஸ் நின்றுகொண்டிருந்தது. வலது லேன் காலி. கடவையில் யாரும் இல்லை. அதாவது, என் கண்ணுக்கு யாரும் படவில்லை. வேகத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டு நிற்காமல் போனேன்.

பஸ்ஸின் முகப்பைத் தாண்டும்போது ஒரு வெள்ளைத்தடி என் முன்சக்கரத்தில் மாட்டியது. 'டக்' என்று ஒரு சத்தம். நான் எப்படியோ பிரேக் பிடித்து, சறுக்கி, காலை ஊன்றி நின்றேன். திரும்பிப் பார்த்தால், பஸ்ஸுக்கு முன்னால் ஒரு பெரியவர் கையில் பாதித் தடியோடு நிற்கிறார். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். இன்னும் ஒரு காலடி எடுத்து வைத்திருந்தால் தடிக்குப் பதில் அவர்.

அவர் கத்தவில்லை. "பச்சைதானே?" என்று மட்டும் கேட்டார். யாரைக் கேட்கிறார் என்றுகூட முதலில் எனக்கு விளங்கவில்லை.

"பச்சைதான் அங்கிள். எனக்குத்தான் சிவப்பு" என்றேன். குரலே வரலை.

மோட்டாரை ஓரமாக நிறுத்திவிட்டு, அவர் கையைப் பிடித்து அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டேன். வகுப்புக்கு முக்கால் மணி நேரம் தாமதம். இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த மோட்டாரை வாங்கிய அன்றே கோயிலுக்குக் கொண்டுபோய் பூஜை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியவன் நான். அதே முன்சக்கரம்தான்.

பிரிக்பீல்ட்ஸை நாம் லிட்டில் இந்தியா என்றுதான் நினைத்துக்கொள்கிறோம். பூக்கடை, வாழையிலைச் சாப்பாடு, தீபாவளிக்குத் துணி. ஆனால் 1951-இல் தொடங்கிய பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையகமும் அங்கேதான் இருக்கிறது. பார்வையற்றவர்கள் பல தலைமுறையாக அங்கே தங்கி, படித்து, மசாஜ் போன்ற தொழில் செய்து வாழ்கிறார்கள். நடைபாதையில் புடைப்புப் புடைப்பாக மஞ்சள் கல் பதித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அலங்காரத்துக்குப் போட்டது இல்லை. காலாலும் தடியாலும் தடவி வழி தெரிந்துகொள்வதற்காகப் போட்டது. நீளக் கோடுகள் இருந்தால் நேரே நடக்கலாம் என்று அர்த்தம். வட்டப் புள்ளிகள் இருந்தால் நின்று கவனிக்க வேண்டும். அதன் மேல் மோட்டாரை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போகிற ஆளும் நம்மில் உண்டு.

மறு வாரம் புதுத் தடி ஒன்று வாங்கிக்கொண்டு அங்கிளைப் பார்க்கப் போனேன். மன்னிப்பு கேட்டுவிட்டு வந்துவிடலாம் என்றுதான் நினைப்பு. அவர் என்னை உட்கார வைத்துவிட்டார். சாலையை எப்படிக் கடப்பீர்கள் என்று கேட்டேன். அன்று அவர் சொன்னதை, எனக்கு லெசென் வகுப்பில் யாரும் சொல்லித் தந்ததில்லை.

"ஒலி வர்ற கடவையா இருந்தா அதைக் கேட்டு இறங்குவேன். ஒலி இல்லாத சந்தியில வண்டிச் சத்தத்தைத்தான் கேக்கணும். எனக்குப் பக்கத்துல, நான் நடக்கப் போற திசையிலயே போற வண்டிங்க ஒண்ணா கிளம்புற சத்தம் வரும். அப்போ குறுக்க வர்றவனுக்குச் சிவப்பு. அந்தச் சத்தத்தோடயே நானும் கிளம்பிடுவேன்."

அதாவது நம் சிவப்புதான் அவருக்கு வழி. நாம் நின்றுவிட்டோம் என்பதை நம்பித்தான் அவர் காலை இறக்குகிறார். நாம் நிற்கவில்லை என்றால் அதைப் பார்த்துச் சுதாரிக்க அவரால் முடியாது.

"காது கூர்மையா இருக்குமே அங்கிள், என் மோட்டார் சத்தம் கேக்கலையா?" என்று நான் கேட்டது எவ்வளவு மடத்தனம் என்று இப்போது தெரிகிறது. "பக்கத்துல பஸ் இன்ஜின் ஓடிட்டு இருக்கு தம்பி. அதுக்குள்ள உன் மோட்டார் எங்க கேக்கும்?" என்றார். மின்சாரக் கார்கள் மெதுவாக வரும்போது சத்தம் அதிகம் கேட்பதில்லை, அது புதுத் தலைவலி என்றும் சொன்னார்.

அந்த பஸ்ஸை மறுபடி நினைத்துப் பாருங்கள். எனக்கு அவரை மறைத்ததும் அதுதான், அவருக்கு என் சத்தத்தை மறைத்ததும் அதுதான். ஒரு லேனில் வண்டி நின்றால் அது எதற்காகவோ நிற்கிறது. பக்கத்து லேன் காலியாக இருக்கிறதே என்று முந்திப் போகிறவன், எதற்காக நிற்கிறது என்பதை மோதிய பிறகுதான் தெரிந்துகொள்வான். கண் நன்றாகத் தெரிகிற பிள்ளைகளும் இப்படித்தான் அடிபடுகிறார்கள்.

வகுப்பில் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் ஒரே அமைதி. பிறகு ஒருவன், "அண்ணே, நடுராத்திரி, ஈ காக்கா இல்லை, அப்பவும் நிக்கணுமா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. ரோடு காலியா இல்லையா என்பதை நாமே பார்த்து முடிவு செய்யலாம் என்றுதான் நானும் அன்றைக்குப் போனேன். அந்த முடிவை நம் கையில் விட முடியாது என்பதால்தான் அங்கே விளக்கே வைத்திருக்கிறார்கள். நம் கண்ணுக்குத் தெரிவது எவ்வளவு குறைவு என்று அன்று எனக்குத் தெரிந்தது.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர். ஆபத்தைப் பார்த்து, மூளைக்கு எட்டி, பிரேக்கைத் தொட ஒன்றரை வினாடி ஆகும் என்று வையுங்கள். அதற்குள்ளேயே 25 மீட்டர் போய்விடும். பிரேக் பிடித்து நிற்க, காய்ந்த ரோட்டில் இன்னும் 20 மீட்டர் வேண்டும். நம் ஊர் மாலை மழையில் அதைவிடக் கூடும். வேகம் பாதியானால் பிரேக் தூரம் கால்வாசியாகிவிடும். பாதிதானே ஆகும் என்று நம் பிள்ளைகள் பலர் சொன்னார்கள்.

இப்போது நடப்பவர் பக்கம் வருவோம். நான்கு லேன் சாலை ஏறக்குறைய 14 மீட்டர் அகலம். விளக்குக்கு நேரம் குறிக்கும்போது, மனிதன் வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பான் என்று கணக்கு வைப்பது வழக்கம். அப்படியானால் 12 வினாடி. உங்கள் பாட்டியோடு ஒருமுறை நடந்து பாருங்கள். முட்டி வலிக்கிற பாட்டி 0.8 மீட்டர் நடந்தால் 17 வினாடிக்கு மேலாகும். பச்சை மனிதன் மின்ன ஆரம்பிக்கும்போது பாட்டி நடு ரோட்டில் இருப்பார். மின்னினால் புதிதாக யாரும் இறங்கக்கூடாது, இறங்கியவர் நடந்து முடிக்கலாம். பாட்டி தப்பு எதுவும் செய்யவில்லை.

சந்திகளில் ஒரு பக்கம் சிவப்பாகி, மறுபக்கம் பச்சை ஆவதற்கு இடையில் ஒன்றிரண்டு வினாடி எல்லாப் பக்கமும் சிவப்பாக இருக்கும். நடுவில் மாட்டிக்கொண்டவர் வெளியேறுவதற்கான நேரம் அது. மஞ்சளைப் பார்த்ததும் முறுக்குகிறவன் இந்தப் பக்கத்திலிருந்து அதைத் திருடுகிறான். எதிர்ப்பக்க விளக்கை ஓரக்கண்ணால் பார்த்து, தனக்குப் பச்சை விழுமுன் கிளம்புகிறவன் அந்தப் பக்கத்திலிருந்து திருடுகிறான். இந்த இரண்டாவது ஆள் பெரும்பாலும் மோட்டாரில் வருகிற நாம்தான். இரண்டு வினாடியில் நாம் ஏறக்குறைய 33 மீட்டர் போகலாம். பாட்டி அரை லேன்கூடத் தாண்ட முடியாது.

சம்மன் பற்றி நான் அதிகம் பேசப் போவதில்லை. 2012-இல் கேமரா வந்தபோது நாடே அதைப் பற்றித்தான் பேசியது. இப்போது எங்கே கேமரா இருக்கிறது என்று தெரிந்து அங்கே மட்டும் நிற்கிறோம், மீதிக்குத் தள்ளுபடி எப்போது வரும் என்று காத்திருந்த காலமும் உண்டு. அங்கிளின் தடி உடைந்த இடத்தில் கேமரா இல்லை. எனக்குச் சம்மனும் வரவில்லை. 2019-இல் நம் நாட்டுச் சாலைகளில் இறந்தவர்கள் 6,167 பேர். அவர்களில் பாதிக்கு மேல் மோட்டாரில் போனவர்கள். ஆகவே இது அடுத்தவரைக் காப்பாற்றும் பேச்சு மட்டும் கிடையாது, பாருங்க.

நடப்பவர்கள் மட்டும் ஒழுங்கா என்று கேட்காமல் இருக்க மாட்டீர்கள். இல்லைதான். பொத்தானை அழுத்திவிட்டு நின்று நின்று பொறுமை போய், கிடைத்த இடைவெளியில் நானே ஓடியிருக்கிறேன். பச்சையே வராத கடவை மனிதனை அப்படித்தான் பழக்கும். அப்படி ஒன்று உங்கள் பகுதியில் இருந்தால், எந்த இடம், எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள் என்று குறித்து நகராண்மைக் கழகத்துக்கு எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் என்னிடம் வாருங்கள், சேர்ந்து எழுதலாம்.

அடுத்த வகுப்புக்கு முன் ஒவ்வொருவரும் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு கடவையில் அரை மணி நேரம் நில்லுங்கள். சிவப்பில் போனவர்கள் எத்தனை பேர், பச்சைக்கு முன்பே கிளம்பியவர்கள் எத்தனை பேர், நடுவில் மாட்டியவர்கள் யார் யார் என்று எழுதி வாருங்கள். வண்டி எண் வேண்டாம், சண்டையும் வேண்டாம். எண்ணிக்கை போதும். ஒரு பெரியவர் கடக்க எத்தனை வினாடி ஆகிறது என்று கைத்தொலைபேசியில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த வகுப்புக்கு அங்கிளும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். காரில் வந்து அழைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "நான் நடந்தே வந்துருவேன். நீ நேரத்தோட வீட்டை விட்டுக் கிளம்பு, போதும்" என்றார்.