விரிவுரையாளர் வேலைக்கு 17 வயதில் ஒரு கணக்கு

பறித்த தேயிலைக் கொழுந்தை வாட்டி, உருட்டி நசுக்கியதும் பச்சை மெல்லச் செம்பு நிறமாகும். மலேசியாவின் தானா ராத்தா பக்கத்துத் தோட்டப் பிள்ளைகளுக்கு இந்தக் காட்சியும் ஆலை வாசனையும் புதிதல்ல. ஆலையில் இதை ‘ஃபெர்மென்டேஷன்’ என்பார்கள். ஆனால் மாவைப் புளிக்க வைக்கிற மாதிரி நுண்ணுயிர் செய்யும் வேலை அங்கே இல்லை. இலையில் இருக்கும் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி, நசுங்கிய இடத்தில் காற்றுப் பட்டதும் தொடங்கிவைக்கும் ஆக்சிஜனேற்றம் அது. இதைப் பக்கத்து பெஞ்சு நண்பனுக்குப் புரியும்வரை விளக்கத் தோன்றுகிறதா? அப்படியானால் அறிவியல் விரிவுரையாளர் வேலையை நீங்கள் தாராளமாக யோசிக்கலாம்.

முதலில் காலக் கணக்கு. எஸ்.பி.எம். தேர்வை முடிக்கும்போது வயது 17. பல்கலைக்கழகத்துக்கு முன் எஸ்.டி.பி.எம். என்றால் ஒன்றரை ஆண்டு, மெட்ரிகுலேசன் என்றால் பெரும்பாலும் ஓராண்டு. இளங்கலைக்கு மூன்றிலிருந்து நான்கு, ஆய்வுவழி முதுகலைக்கு ஏறக்குறைய இரண்டு, முனைவர் பட்டத்துக்கு மூன்று, நான்கு, சிலருக்கு ஐந்து. பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ வரும்போது முப்பதை நெருங்கியிருப்பீர்கள். இதை வீட்டில் மறைக்காதீர்கள். 23 வயதில் பிள்ளை சம்பளக் கவரோடு வருவான் என்று காத்திருக்கும் அம்மாவுக்கு இந்தக் கணக்கு இப்போதே தெரியட்டும்.

அதற்காக முப்பது வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. மலேசியாவில் பொது விதி இதுதான்: எந்த நிலையில் கற்பிக்கிறீர்களோ, அதற்கு ஒரு படி மேலே படித்திருக்க வேண்டும். இளங்கலை வகுப்புக்கு முதுகலை பட்டம் போதும். தனியார் கல்லூரிகளில் பலர் இப்படித்தான் நுழைந்து, வேலை பார்த்துக்கொண்டே முனைவர் பட்டத்தை முடிக்கிறார்கள். அரசுப் பல்கலைக்கழகம்தான் குறி என்றால் முனைவர் பட்டத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

எஸ்.டி.பி.எம். கஷ்டம் என்று ஒதுங்குகிறவர்கள் நிறைய. கஷ்டம்தான். ஆனால் செலவு குறைவு. ஒரு கதவு மூடினாலும் இது திறந்திருக்கும். அதில் தேறியவர் பல்கலைக்கழக முதலாண்டில் திணறுவது அரிது. என்னைக் கேட்டால், மெட்ரிகுலேசன் கிடைக்கவில்லை என்று அழுதுகொண்டு கடன் வாங்கித் தனியார் கல்லூரிக்கு ஓடுவதைவிட எஸ்.டி.பி.எம். படிக்கும் ஆறாம் படிவம் நூறு மடங்கு மேல்.

நம் பிள்ளைகளை உண்மையில் இடறிவிடுவது மொழி. தமிழ்ப்பள்ளியில் ‘ஒளிச்சேர்க்கை’, இடைநிலைப்பள்ளியில் ‘ஃபோத்தோசிந்தெசிஸ்’, பல்கலைக்கழகத்தில் அதுவே ‘ஃபோட்டோசிந்தசிஸ்’. 2003-இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்துக்கு மாற்றினார்கள். 2012 வாக்கில் திரும்பவும் பழைய வழிக்குப் போனார்கள். அமைச்சின் முடிவு எப்படி மாறினாலும் தப்பிக்க ஒரு வழி உண்டு. ஒரு நோட்டில் மூன்று பத்தி பிரித்து, ஒவ்வொரு கலைச்சொல்லையும் தமிழ், மலாய், ஆங்கிலம் என்று எழுதி வையுங்கள். படிவம் 4-இல் தொடங்கினால் மூயெட் ஆங்கிலத் தேர்வுக்குள் நோட்டு நிரம்பிவிடும். பிற்பாடு வகுப்பில் நிற்கும்போது, ஒரு விளக்கம் எடுபடாவிட்டால் இன்னொன்று கைவசம் இருக்கும்.

மகாலெட்சுமி அருஜானனைப் பாருங்கள். புத்ரா பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியலும் நுண்ணுயிரியலும், மலாயாப் பல்கலைக்கழகத்தில் உயிரித் தொழில்நுட்ப முதுகலை. முனைவர் பட்டத்துக்கோ அறிவியலை மக்களுக்கு எடுத்துச் சொல்லும் துறையையே எடுத்துக்கொண்டார். ‘தி பெட்ரி டிஷ்’ என்ற அறிவியல் செய்தித்தாளைத் தொடங்கியவரும் அவர்தான். விளக்கத் தெரிவதே ஒரு தனித் துறையாகும் என்பதற்கு இவரைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

பணத்துக்கு வருவோம். இளங்கலைக்கு அரசின் பி.டி.பி.டி.என். கல்விக் கடன் உண்டு, முதல் வகுப்பில் தேறுகிறவர்கள் திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்குக் கேட்கலாம், நிபந்தனைகளை அந்தந்த ஆண்டு பார்த்துக்கொள்ளுங்கள். மேற்படிப்பில் மேற்பார்வையாளரின் ஆய்வு நிதியிலிருந்து ஆய்வு உதவியாளர் ஊதியம் கிடைக்கலாம். அதனால் மேற்பார்வையாளரைத் தேடும்போது அவருடைய புகழை மட்டும் பார்த்து மயங்காதீர்கள். அவரிடம் படித்த நான்கு பேரைப் பிடித்து, எத்தனை வருடத்தில் முடித்தார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அடுத்த கதவைத் தட்டுங்கள். படிப்பின் நடுவே வரும் தொழிற்பயிற்சிக்கு இடம் தேடித் தலைநகருக்குத்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. தானா ராத்தாவிலேயே மார்டி வேளாண் ஆய்வு நிலையம் இருக்கிறது.

விரிவுரையாளர் வேலைக்கான நேர்காணலில் சில நிமிடம் பாடம் நடத்தச் சொல்வார்கள். திரையில் இருப்பதைத் திரும்பி நின்று வாசித்தவர்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நசுங்கிய தேயிலையிலிருந்து தொடங்குங்கள். கேட்பவர் கையிலும் ஒரு கோப்பை தேநீர் இருக்கும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. அறிவியல் பக்கம் போக நினைக்கும், படிவம் 3 முடிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், பாடத் தேர்வுத் தாளில் கையெழுத்துப் போடுமுன் கூடுதல் கணிதம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். ‘கஷ்டம்’ என்று பிள்ளை அதை அடித்துவிட்டிருந்தால், உட்கார வைத்துப் பேசுங்கள்.