வாய்வு அடைத்தால் சோடாவைத் தேடும் முன்

வயிறு கல்லாட்டம் உப்பி, ஏப்பமும் வராமல் கீழேயும் பிரியாமல் தவிக்கிற வேதனை, தூத்துக்குடியில் இரவு ஷிப்ட் முடித்து வருகிற துறைமுகத் தொழிலாளிக்கு நன்றாகத் தெரியும். காரணம் பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, அவசர அவசரமாகச் சாப்பிடும்போதும் பீடி இழுக்கும்போதும் நாம் விழுங்கும் காற்று. மற்றது, சிறுகுடலில் செரிக்காத உணவைப் பெருங்குடலின் பாக்டீரியாக்கள் புளிக்கவைத்து உண்டாக்கும் ஹைட்ரஜன், கரியமில வாயு, மீத்தேன். ஒரு நாளில் இருபது தடவை வரை காற்று பிரிந்தாலும் அது இயல்பே. பிரியாமல் குடலின் வளைவில் தங்கும்போதுதான் வலி. இடது விலாவுக்கு அடியில் அப்படி ஒரு வளைவு இருப்பதால், அங்கே சேரும் காற்று நெஞ்சுவலிபோலவே மிரட்டும்.

செய்ய வேண்டியவை

• சாப்பிட்டதும் படுக்காமல் பத்து, பதினைந்து நிமிடம் நடங்கள். காற்றை நகர்த்த இதைவிட எளிய வழி கிடையாது.

• வலி வந்துவிட்டால் மல்லாந்து படுத்து, இரண்டு முழங்கால்களையும் மார்போடு கட்டிப் பிடியுங்கள். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பதும் சிலருக்குக் கைகொடுக்கும்.

• கொண்டைக்கடலை, மொச்சை, பட்டாணியை இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவையுங்கள். ஓமத் தண்ணீர், சுக்கு, பெருங்காயம் எல்லாம் இதமானவை, தாராளமாகச் சேர்க்கலாம். பூண்டில் மட்டும் கவனம் தேவை. வாய்வை எடுக்கும் என்று நம்பிச் சாப்பிடுகிறோம், ஆனால் பூண்டு, வெங்காயம், கோதுமை, மைதா எல்லாவற்றிலும் உள்ள ஃப்ரக்டான் என்ற சத்து சிலருக்கு வாய்வைக் கூட்டும். நள்ளிரவுப் புரோட்டா, வெங்காயம் மிதக்கும் சால்னா என்று பழகியவர்கள் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

• பால் டீயை ஒரு வாரம் நிறுத்திப் பாருங்கள். உப்புசம் குறைந்தால் பாலின் சர்க்கரை உங்களுக்குச் செரிக்கவில்லை என்று சந்தேகிக்கலாம்.

• தண்ணீர் குடியுங்கள். உப்பளத்தில் வேலை செய்கிற பெண்கள் பலர், ஒதுங்க இடமில்லை என்பதாலேயே தாகத்தை அடக்குகிறார்கள். அதனால் மலம் இறுகுகிறது, பின்னாலேயே வாய்வும் அடைக்கிறது. இதில் அந்தப் பெண்களுக்கு அறிவுரை சொல்லிப் பயனில்லை. பாத்திகளுக்குப் பக்கத்தில் கழிப்பறை கட்டித் தர வேண்டியது உப்பள முதலாளிகளின் கடமை.

செய்யக்கூடாதவை

• நெஞ்சுவலியை வாய்வு என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். நம் ஊரில் உயிர் போவது இந்த இடத்தில்தான். சோடாவில் உப்பைப் போட்டுக் குடித்தால் பொங்கிக்கொண்டு ஏப்பம் வரத்தான் செய்யும். அந்த ஏப்பம் சோடாவின் வாயு. மாரடைப்பின் நடுவிலும் ஏப்பம் வரும், வலி சற்றுக் குறைந்ததுபோலவும் இருக்கும். வியர்த்துக் கொட்டுவது, மூச்சு வாங்குவது, இடது கைக்கோ தாடைக்கோ வலி பரவுவது, இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் மேல்வயிற்று மந்தம் மட்டுமே அறிகுறியாக வரலாம். ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளைத் தரும் 'இதயம் காப்போம்' திட்டத்தைத் தமிழக அரசு 2023-இல் தொடங்கியிருக்கிறது. பெட்டிக்கடையில் கழியும் அரைமணி நேரம் அங்கே போய்ச்சேர உதவட்டும்.

• வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டோ சோடா குடித்துவிட்டோ கடலுக்குள் இறங்காதீர்கள். தூத்துக்குடிக் கடலில் மூச்சை அடக்கி முத்துக் குளித்த காலம் 1961-ஓடு முடிந்துவிட்டது. இப்போது கம்ப்ரசர் குழாயைக் கவ்விக்கொண்டு சங்குக்கு இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள். இருபது மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல மூன்று மடங்கு. அங்கே விழுங்கிய காற்று மேலே வரும்போது குடலுக்குள் மூன்று மடங்கு பெருகும்.

• கரையேறியபின் வயிறு, முதுகு, மூட்டு வலித்தால், கால் மரத்தால், அதை வாய்வு என்று தைலம் தேய்த்துக் கொண்டிருக்காதீர்கள். ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழாகியிருக்கலாம். ஆக்சிஜன் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வலி தணியும் என்று மறுபடி கடலில் இறங்கவே கூடாது.

• பேதி மருந்தை நீங்களாக வாங்கிக் குடிக்காதீர்கள். வாந்தியோடு வயிறு வீங்கி, மலமும் காற்றும் அடியோடு நின்றுபோனால் குடல் அடைபட்டிருக்கலாம். அந்த நிலையில் பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.